கற்றை மாறும் நேரம்

ஏஞ்சலோ எழுந்ததும் தண்ணீர் பிடித்தான். செம்பூரில் அவன் இருந்த கட்டடத்தில் விடிந்தபின் கொஞ்ச நேரம்தான் குழாயில் வரும். வாளிகள் நிறைந்தன. பாலைக் காய்ச்சினான். டீ குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஜன்னலைச் சாத்தினான். பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் லூசியம்மாள் தாராவியிலிருந்து கூப்பிட்டாள்.

"மருமவனே, சாயங்காலம் நேரா இங்க வந்துருங்க. கார்டு ப்ரூஃப் வந்துருக்கு. ஒரு எடம் காலியாக் கெடக்கு."

அவன் மனைவி ரெனில்டா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆண்டுப் பூசை முடிந்ததும் கொடுக்கும் நினைவுக் கார்டில், படத்துக்குக் கீழே, இறந்தவர் கடைசியாகச் சொன்னதைப் போடுவது லூசியம்மாள் குடும்பத்து வழக்கம். பெரியப்பா ஒருவர் "கதவைத் திறங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மோட்சத்தின் கதவு என்று பிறகு எல்லோருமாகக் கூடி முடிவு செய்தார்கள்.

"வாறேன் அத்தை" என்றான்.

அவனுடைய ஆபீஸ் கோபர்கைரனேயில். செல்போன் டவர்கள் பற்றிய வேலை. புதுவகை டவர் நாலாபக்கமும் அலையைத் தெளிப்பதில்லை. டார்ச் வெளிச்சம் போல ஒடுக்கமான கற்றையாகப் போனை நோக்கி அனுப்பும். ஆள் நகர்ந்தால், குறுக்கே பஸ் வந்தால், ஒரு கற்றையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். மாறு என்று டவர் சொன்ன பிறகு போன் புதிய கற்றையைத் தேடி, அதோடு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்தத் தாமதத்தில் பேச்சில் ஒரு துண்டு காணாமல் போகும். அடுத்து எந்தக் கற்றை தேவைப்படலாம் என்று முன்னதாகவே சொல்லிவைத்தால், பழையதில் பேசிக்கொண்டே புதியதையும் போன் கவனித்து வைத்திருக்கும். மாறு என்றதும் மாறிவிடலாம். ஆனால் பாட்டரி தீரும். எவ்வளவு கவனித்தால் போதும் என்பதில்தான் ஏஞ்சலோவின் குழு பல மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அன்று லேபில் போனைச் சுழலும் மேஜையில் வைத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து, கூட வேலை செய்யும் சஃப்ரீன் அந்தப் போனுக்கு இந்தியில் எண்களைச் சொன்னாள். முந்தின நாள் வரை, மேஜை திரும்பும் இடத்தில் ஏழுக்கான 'சாத்' வால் அறுந்து 'சா' என்று வந்தது. இன்று முழுசாக வந்தது.

"சாத் பூரா ஆயா?" ஏழு முழுசாக வந்ததா என்று ஓடிவந்து கேட்டாள்.

"ஆயா."

"தோ தோடா ஹஸ் லே, யார். பேட்டரி கதம் நஹி ஹோகி."

சிரித்தால் பாட்டரி தீர்ந்துவிடாது என்கிறாள். அவன் சிரிக்க முயன்றான். மறுபடி சுழற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் முழுசாக வந்தது.

சாயங்காலம் சயானில் இறங்கி, கொத்துக்கறியைப் பன்னில் வைத்துக் கொடுக்கும் கீமா பாவ் கடையைத் தாண்டித் தாராவிக்கு நடந்தான். மாமனார் தனசீலன் நாற்காலியை அவனிடம் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். லூசியம்மாள் ப்ரூஃபை நீட்டினாள். படத்துக்குக் கீழே வெள்ளை இடம்.

"மருமவனே, நீங்க பேச்சு அறுந்து போவுதத்தான சரி பண்ணுதிய?"

"ஆமா அத்தை."

"அப்ப எம்மவ பேச்சுல விட்டுப்போனத எடுத்துத் தர முடியாதா?"

"முடியாது. அது எங்கயும் சேந்து இருக்காது."

"வானத்துல எங்கனயாவது கெடக்கும்லா?"

"ஏட்டி, வானம் என்ன ஒங்கப்பன் கோடவுனா?" என்றார் தனசீலன்.

ரெனில்டா குர்லா பிளாட்பாரத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அப்போது ஏஞ்சலோவோடு போனில் இருந்தாள். லைன் அறுந்துவிட்டது என்று மட்டும் அவன் சொன்னான். நிஜம்தான். ஏதோ சொல்ல வந்து முடியாமல் போனதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறுவதற்கு முன் என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, நாமளே போட்டுருவோம்" என்றாள் லூசியம்மாள். "'இயேசு மரி சூசை'ன்னுதான் சொல்ல வந்துருப்பா. தவக்காலத்து வெள்ளிக்கிழம, கறி தொடாம ஒருசந்தி இருந்த புள்ள. வேற என்னத்தச் சொல்லப்போறா? நீங்களே எழுதுங்க, ஒங்க கையெழுத்து நல்லாருக்கும்."

பேனாவை வாங்கிக்கொண்டான். எழுதிக் கொடுத்துவிட்டால் அச்சாகிவிடும். ஊர் உறவு எல்லாம் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் அவனுக்கே ரெனில்டாவின் குரல் 'இயேசு மரி சூசை' என்று கேட்க ஆரம்பித்துவிடும். அவள் பேசியதில் பெரும்பாலானவை அவன் நினைவில் ஏற்கெனவே குரல் போய் வெறும் விஷயமாகிவிட்டன. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இன்னும் அவள் குரலிலேயே இருந்தது.

பேனாவை ப்ரூஃப் மேல் வைத்தான்.

"அத்தை, எதுவும் விட்டுப்போகல. அவ பேசி முடிச்ச பொறவுதான் லைன் போச்சு. முழுசாக் கேட்டேன்."

தனசீலன் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். லூசியம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இத்தன நாளா சொல்லல."

"சொல்லல."

"என்னையச் சொன்னாளா?"

"உங்களத்தான் சொன்னா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கார்டில் 'அம்மா' என்று போட்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கும் நிறைவாக இருந்திருக்கும். லூசியம்மாள் முகமும் அதற்குள் அந்த நிறைவுக்குத் தயாராகத் தொடங்கிவிட்டது.

"என்னன்னு சொன்னா?" என்றாள். "அவ சொன்னபடியே சொல்லுங்க."

ஏஞ்சலோ தரையைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்ன வேகத்திலேயே சொன்னான்.

"'ஏ ஏஞ்சலோ, வெள்ளிக்கிழமைங்கிறதே மறந்துபோய் ஸ்டேஷன்ல கீமா பாவ் தின்னுட்டேன், ஒண்ணு இல்ல, ரெண்டு. எங்கம்மைட்ட மட்டும் சொல்லிராத.'"