இடப்பக்கம் மேலே

ஷெர்லி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் மகள் ஜாஸ்லினுக்கு ஏழு வயது. சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு அவளுக்குக் கராத்தே வகுப்பு. பள்ளிக்கூட டீச்சரான ஷெர்லி இருந்தவரை அவள்தான் கூட்டிப் போவாள். நான் தூங்குவேன். இப்போது நான் கூட்டிப் போகிறேன்.

கராத்தே டிரெஸ்ஸைத் துவைக்கப் பழகிவிட்டேன். எங்கள் மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்துவிடும். ஹாலில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டினேன். முழங்காலில் கிழிந்ததைத் தைத்தேன். பெல்ட் கட்ட மட்டும் வரவில்லை. நான் கட்டினால் ஒரு முனை நீளமாகத் தொங்கும். உதைக்கக் காலைத் தூக்கினால் அவிழ்ந்துவிடும்.

அதனால் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஜாஸ்லின் சிவப்பிரகாஷிடம் ஓடிவிடுவாள். அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். அவருடைய மகனும் இந்த வகுப்புதான். அவர் ஜாஸ்லினுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுபோய்க் கட்டுவார். முனைகள் இரண்டும் சமமாக நிற்கும். கடைசியாக முடிச்சில் ஒரு தட்டு. ஜாஸ்லின் சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரிப்பதில்லை.

நான் பைக்கில் சாய்ந்து நின்று பார்ப்பேன். அவர் நல்ல மனிதர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மஞ்சள் பெல்ட் டெஸ்ட் வந்தது. ஒரு வாரம் வீடியோ பார்த்து, என் இடுப்பிலேயே கட்டிப் பழகினேன். சட்டையின் இடப்பக்கம் மேலே வர வேண்டும், அதன்மேல் பெல்ட் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அன்று காலை ஜாஸ்லினை முன்னால் நிறுத்தி வீட்டிலேயே கட்டினேன். முனைகள் சமமாக வந்தன. பிரகாஷ் மாமா ஒருதடவை பார்க்கட்டும் என்றாள். இன்றைக்கு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

டிரெஸ் சரியாக இல்லாவிட்டால் டெஸ்ட் கிடையாது. மாஸ்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து ஜாஸ்லினிடம் நின்றார்.

"ஏளா, யாரு போட்டுவிட்டது? சட்டையில வலது மேல வந்தா, ஜப்பான்ல அது செத்தவங்களுக்குப் போடுததுல்லா."

எல்லாப் பிள்ளைகளிடமும் வழக்கமாகச் சொல்வதுதான். சொன்ன பிறகு என்னைப் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, சரிசெய்துகொண்டு கடைசியாக வரச் சொன்னார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஜாஸ்லின் வெளியே வந்தாள். சிவப்பிரகாஷ் எழுந்து அவளிடம் போனார். அவள் பெல்ட்டை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"தொடாதீங்க மாமா. அப்பா யாரும் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நீங்களே கட்டுங்க, செல்வின். எதிர்ல நின்னு கட்டிருக்கீங்க. உங்க இடது அவளுக்கு வலதுல்லா. பின்னால போங்க."

"உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"ஷெர்லி டீச்சர்தான். போன வருஷம் எம் பையனுக்குக் கட்டத் தெரியாம முழிச்சிட்டு நின்னேன். கடைசியில முடிச்சுல ஒரு தட்டு தட்டணும். அதுவும் டீச்சர் சொன்னதுதான்."

அந்தத் தட்டைப் பல வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஷெர்லியுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவள் அதைச் சொல்லிக்கொடுத்த காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

ஜாஸ்லினுக்குப் பின்னால் மண்டியிட்டேன். அவள் கையை எடுத்து வழிவிட்டாள். பெல்ட்டை அவிழ்த்தேன். சட்டையின் இடப்பக்கத்தை மேலே போட்டேன். இரண்டு சுற்று. அவள் கையை எடுத்து வழிவிட்டாள். முடிச்சை இறுக்கினேன். ஒரு முனை கொஞ்சம் நீளம்தான். முடிச்சில் தட்டினேன்.

அவள் திரும்பாமல் வரிசைக்கு ஓடினாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் இருந்தேன். எதிரில் நின்ற சிவப்பிரகாஷ் பார்த்திருப்பார்.

அவரிடம் நான் கேட்கவில்லை.