தொட்டால் திறக்காத திரை

டைல்ஸ் ஒட்டுவதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் ஒட்டி முடித்த தரையில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறவர்கள், குமிழி நடுவில் அசையாமல் நிற்பதைக் கண்டு ரசமட்டத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். வாயும் சும்மா இருக்காது. “வேணும்னா தண்ணி ஊத்திப் பாருங்க, எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கே தெரியாது” என்பாள். அப்படிப்பட்ட கை ஒரு கண்ணாடித் திரைக்கு முன்னால் செல்லாக்காசாகிப் போனது.

அவள் வேலை பார்க்கும் கட்டட நிறுவனத்தில் மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு வைத்தார்கள். திரையில் கேள்வி வரும், சரியான பதிலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை அண்ணி தோற்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுப்பார்கள். அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மண்டி போட்டு வேலை செய்தால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேற்பார்வையாளர் ஆனால் நின்றுகொண்டு வேலை வாங்கலாம். ஆகாவிட்டால் தொழிலையே விட வேண்டியதுதான்.

நாத்தனாருக்குத்தான் அந்தத் தோல்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னவள் அவள்தான். அறையின் அளவைச் சொன்னால் எத்தனை டைல்ஸ் என்று வாய்க்கணக்காகச் சொல்கிற அண்ணி, அந்தக் கேள்விகளில் எப்படிச் சறுக்கினாள்? கேட்டால், “தெரியல, விட்டுட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினாள். ஒழுங்காகப் படிக்கவில்லையோ என்று நாத்தனார் மனதுக்குள் கொஞ்சம் கறுவிக்கொண்டும் இருந்தாள்.

உண்மை ஒரு சாயங்காலம் சமையலறையில் வெளிப்பட்டது. நாத்தனார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

“கையெல்லாம் சோப்பு. கொஞ்சம் எடுங்க அண்ணி.”

அண்ணி திரையை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். போன் தன்பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. அண்ணி சொந்தமாக வைத்திருந்தது பழைய பட்டன் போன்.

“நல்லா அழுத்துங்க அண்ணி” என்றாள் நாத்தனார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் அவள் வாயில் வந்தது அதுதான்.

அண்ணி அழுத்திய அழுத்தலில் கண்ணாடி தப்பியதே பெரிய விஷயம். திரை மசியவில்லை. அண்ணியின் முகம் சுண்டிப் போயிற்று. போனை மேடையில் வைத்துவிட்டு, “அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு” என்றாள்.

“என்னைக்கு?”

“பரீட்சை அன்னைக்கு. பதில் தெரியும். தொடுறேன், ஏத்துக்கல. குத்துறேன், ஏத்துக்கல. பக்கத்துல ஒரு பொண்ணு பூ தொடுற மாதிரி தொட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கா. எனக்கு நேரம் முடிஞ்சிடுச்சு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“மெஷின் என்னை மதிக்கலன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?”

நாத்தனாருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முழுக்கத் தன் மேல்தான். கையைத் துடைத்துவிட்டு அண்ணியின் வலது கையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சிமெண்ட் தின்ற விரல்கள். நுனியில் தோல் தடித்து, காய்ந்து, பாதத்துத் தோல் மாதிரி ஆகியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பொறி தட்டியது.

இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து, நடுவில் ஒரு காகிதத்தை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தாள்.

“அண்ணி, ஃபேன்ல கண்டன்சர் போச்சும்பாங்களே, அதோட சங்கதி இவ்வளவுதான். ரெண்டு தட்டு, நடுவுல ஒரு இடைவெளி. இதைத்தான் மின்தேக்கின்னு நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மின்சாரம் இந்தக் காகிதத்தைத் தாண்டாது. ஆனா இந்தத் தட்டுல மின்னூட்டம் சேர்ந்தா, அந்தத் தட்டுல அதுக்கு எதிர் மின்னூட்டம் வந்து நிக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு அப்படியே நிக்கும்.”

“தொட்டுக்காமலேயா?”

“தொட்டுக்காமலே.”

“கல்யாணத்துக்கு முன்னால உங்க அண்ணனும் நானும் நின்ன மாதிரின்னு சொல்லு.”

“அதேதான். கிட்ட வந்தா இழுப்பு ஜாஸ்தி, தள்ளிப் போனா கம்மி. இப்ப கேளுங்க. இந்தத் திரைக்குள்ள ஒரு தட்டு இருக்கு. இன்னொரு தட்டு நீங்கதான்.”

“நானா?”

“உங்க உடம்பு. உள்ள பூரா உப்புத்தண்ணி, மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்ட வந்தா திரையில மின்னூட்டம் கொஞ்சம் மாறும். உள்ள குறைகடத்தியில செஞ்ச ஒரு சில்லு இருக்கு, கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி சுவிட்சுங்க அதுல நிறைய. அந்த மாற்றத்தை அதுதான் கணக்குப் பார்க்குது. எவ்வளவு பலமா அழுத்துறீங்கன்னு அது பார்க்கிறதே இல்ல. உங்க விரல்நுனியில செத்த தோல் தடிச்சு நிக்குது. அது கடத்தாது. நீங்க தொட்டாலும் திரைக்கு நீங்க எங்கயோ தூரத்துல நிக்கிறீங்க.”

அண்ணி தன் விரல்நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். “அப்ப தப்பு மண்டையில இல்ல. தோல்ல.”

“தப்பே இல்ல அண்ணி.”

நாத்தனார் அவள் விரலைச் சற்று நேரம் தண்ணீரில் முக்கிவைத்து, லேசாகத் துடைத்துவிட்டுத் திரையில் வைக்கச் சொன்னாள். போன் பொசுக்கென்று திறந்துகொண்டது. ஊறின தோல் கடத்தத் தொடங்கிவிட்டது. அப்புறம் அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. திறக்கக்கூடியதையெல்லாம் திறந்தாள். கடைசியில் தலைமையாசிரியருக்கே போன் போய்விட, நாத்தனார் பிடுங்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது தேர்வுக்கு ஈரக் கைக்குட்டையோடு இருவரும் போனார்கள். வாசலிலேயே அது மாட்டிக்கொண்டது. உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாதாம். அண்ணி போய் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் காவலாளியிடம் மின்தேக்கியை ஆதியோடந்தமாக விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிம்மா, கைக்குட்டை உள்ள போகாது” என்றார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அண்ணி திரையைத் தொட்டாள். மறுபடியும் மறுபடியும் தொட்டாள். விரலை நாக்கில் வைத்தாள். உடனே தேர்வுக் கண்காணிப்பாளர் வந்து, எச்சில் படக்கூடாது என்பதுபோல் திரையைக் காட்டித் தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணி கையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து எடுத்த டைலில் விரிசல் தேடும்போது அப்படித்தான் பார்ப்பாள். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கி, மடக்கிய கணுவால் திரையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். சற்று நிதானித்து, இன்னொரு தட்டு. அதன்பிறகு அவள் தலை நிமிரவில்லை. திரை ஏற்கிறதா இல்லையா என்று வெளியே நின்றவளுக்குத் தெரியவில்லை. தட்டுகிற கை மட்டும் தெரிந்தது.

அண்ணி வெளியே வந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் நடந்தாள். நாத்தனார் ஓடிப்போய்த் தாங்கினாள்.

“என்ன ஆச்சு அண்ணி?”

“தோல் தடிச்சு இருக்கிறதுதான் தூரம்னு நீதானே சொன்ன. மெல்லிசா இருக்கிற இடம் எதுன்னு தேடினேன். டைல்ஸ் ஒட்டினதும் அடியில பொந்து விழுந்திருக்கான்னு விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம்ல, அந்த இடம். சிமெண்ட் அங்க வேலை காட்டல.”

“திரை ஏத்துக்கிச்சா?”

“ஒவ்வொண்ணும். முடிஞ்சதும் அதுலயே போட்டுட்டான், பாஸுன்னு.”

வருஷா வருஷம் கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து இதுதான் மின்தேக்கி என்று சொல்லிவந்தவள், அண்ணியின் மடக்கிய விரலைப் பிடித்துப் பார்த்தாள். அவள் சொன்ன பாடத்தை அந்த நெருக்கடியில் தன் கையிலேயே பிரித்துப் பார்த்து விடை எடுத்திருக்கிறாளே இந்த மனுஷி. நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. நடைபாதை என்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

“ச்சீ, டீச்சர் அழலாமா? உங்க அண்ணன் வீட்டுல நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. போனைக் கொடு.”

அண்ணி அந்தச் சொரசொரப்பான விரலால் நாத்தனாரின் கன்னத்தைத் துடைத்தாள். நுனி நனையும் வரை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அதே விரலால் போனைத் தொட்டாள். அது திறந்துகொண்டது.