மூன்று நிமிடத் தூக்கம்

"ஒயரைப் பிடுங்காதீங்க அங்கிள்னு எத்தன தடவ சொல்றது?"

மெரினின் குரல் பங்குக் கோயில் அலுவலகத்தைத் தாண்டி மாதா கெபி வரைக்கும் கேட்டது. மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள் ஏற்றாமலே காதைக் கொடுத்து நின்றார்கள்.

"மாட்டிக்கிச்சும்மா. பிடுங்கிச் சொருகினாத்தான் வரும்" என்றார் குமாஸ்தா பிரகாசம், பிடுங்கிய ஒயரும் கையுமாக.

மாட்டிக்கொள்ளவில்லை, தூங்கியது. ஞானஸ்நானப் புத்தகங்களைப் படம்பிடித்துப் போட்டு வைத்திருந்த ஹார்டு டிஸ்க் அது. கோயில் கரண்ட் பில்லைத் தன் சட்டைப்பையிலிருந்து கட்டுபவர் மாதிரி, மூன்று நிமிடம் சும்மா இருந்தாலே அது தூங்கிவிடும்படி செய்து வைத்திருந்தார் பிரகாசம். ஆனால் அவர் எழுதும் வேகம் ஊருக்கே தெரியும். சர்டிபிகேட்டில் பெயரை முத்து முத்தாக எழுதி, மை காய ஊதி, ஞானப்பெற்றோர் பெயருக்கு அடுத்த படத்தைத் திறப்பதற்குள் டிஸ்க் குறட்டை விட்டிருக்கும். எழுந்து சுற்ற அதற்குப் பத்து விநாடி வேண்டும். அவர் பொறுமை ஐந்து விநாடி.

புதனும் இதே கதை, வெள்ளியும் இதே கதை. இன்று சனி. நாளைப் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தால்தான் மூன்று ஞாயிறும் வாசித்து முடிந்து, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் அலெக்சி பிளைட் ஏறுமுன் அவனுக்கும் மெரினுக்கும் கல்யாணம் நடக்கும். அவளுடைய ஞானஸ்நான சர்டிபிகேட் இல்லாமல் ஓலை இல்லை. பெரிய மனுஷர் மெஷினில் கை வைப்பானேன் என்று புதன்கிழமையே சும்மா இருந்ததை நினைக்க மெரினுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவள் வேறு.

"தூங்கட்டும், வேணாங்கல. இருவது நிமிஷம் கழிச்சுத் தூங்கட்டும். நின்னு நின்னு சுத்துனா தேய்மானந்தான் மிச்சம்."

"நீயே பண்ணும்மா" என்று நாற்காலியை விட்டார். அவள் உட்கார்ந்து ஒயரைச் சொருகினாள். டிஸ்க் ஜோராகச் சுற்றியது. உள்ளேதான் ஒன்றும் இல்லை. பிடுங்கின பிடுங்கலில் எல்லாம் போயிருந்தது.

அசல் புத்தகங்கள் பீரோவில் இருந்தன. சாவி, தியானத்துக்குப் போன பங்குச் சாமியாரிடம். திங்கள்தான் வருவார்.

அலெக்சி கல்யாணம் ஆகாமலே பிளைட் ஏறினான். தடங்கல் வந்துவிட்டதே என்று அவன் அம்மா இவோன் மதாம் தெருவெல்லாம் சொன்னார்கள். சொன்ன முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. முதல் மாதம் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு. பிறகு மெரின்தான் கூப்பிட்டாள்.

பதினோரு மாதம் கழித்து மெரின் வேலை தேடிப் பெங்களூருக்கே போய்விட்டாள். போவதற்கு முந்தின ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள்: மாப்பிள்ளை அலெக்சி, பெண் பிரான்சு தேசம் ரேன்ஸ் நகரத்து ஏஸ்தெல். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்றதும், கோயிலில் அத்தனை தலைகளும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. மெரின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அடுத்த பாட்டின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.