இரண்டாவது தண்ணீர்

"அவ தானா விரும்பிக் கேட்டவவோ, அங்கிள்?"

மரியோ ஃபாதர் இதைக் கேட்டபோது றெமிஜியஸ் செத்தவீட்டு மண்டபத்து வாசலில் நின்று கறுப்புக் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். அது ஓட்டைக்குள் போக மறுத்தது. குனிந்து பொத்தானைப் பார்த்தபடியே, "ஓம் ஃபாதர், கேட்டவ," என்றார்.

"என்ன பேர் வைச்சனீங்கள்?"

"மரியா. மரியா சட்சுக்கி."

இளம் குருவானவர் அதைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "கடைசி நேரத்தில கேட்டு ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறா. எல்லாருக்கும் கிடைக்காது அங்கிள். செபத்தில நான் அதைச் சொல்லுவன்," என்று தோளைத் தட்டிவிட்டு உடுப்பு மாற்றப் போனார். பத்து மணிக்குச் செபம் தொடங்க இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

றெமிஜியஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று கனடா ஸ்காபரோவில் பெயர் எடுத்தவர். பஸ் ஓட்டிய காலத்தில் வேலைக்குப் பிந்திப் போனால், மற்றவர்களைப் போல பனியையும் ட்ராஃபிக்கையும் சாட்டமாட்டார். "நித்திரையாப் போனன்" என்பார். அப்படிப்பட்டவர் மனைவியின் சவப்பெட்டிக்கு இருபது அடி தள்ளி நின்று, ஒரு குருவானவரின் முகத்துக்கு நேரே முழுப் பொய் சொல்லியிருந்தார்.

சட்சுக்கி கேட்கவில்லை. முப்பது வருஷமாக வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருவரும் சந்தித்தது ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில். அவள் மீன் வெட்டினாள், அவர் கோப்பை கழுவினார். அவர் மன்னார்ப் பேசாலையான். அவள் நாகசாக்கிக்கு மேற்கே கோத்தோத் தீவுக்காரி. இரண்டு மீன்பிடித் தீவுகள், இரண்டிலும் மாதா. அதனால் காரியம் சுகமாய் முடியும் என்று அவர் நம்பினார். கல்யாணம் என்றதும் கோவிலில் ஞானஸ்நானம் எடுக்கவேணும் என்றார்கள். அங்கேதான் வண்டி நின்றது.

"எனக்கு ஒருக்கா ஊத்தியாச்சு," என்றாள் சட்சுக்கி. அப்போது ஆங்கிலத்தில் சொன்னாள். பின்னாளில் நல்ல மன்னார்த் தமிழிலேயே சொல்லப் பழகிக்கொண்டாள். அவளுடைய நாட்டில் முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன் கிறிஸ்தவ வேதத்தைத் தடைசெய்து, குருமாரைக் கொன்றும் துரத்தியும் தீர்த்துவிட்டார்கள். இருநூற்றைம்பது வருஷம் ஒரு குருவானவர்கூட இல்லை. ஊருக்கு ஊர் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற ஆளாக இருந்து, பிள்ளைகளுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தார். செபங்களை வாயால் சொல்லிக் காதால் காப்பாற்றினார்கள். அதிகாரிகள் மாதாவின் படத்தை நிலத்தில் வைத்து மிதிக்கச் சொன்னபோது மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். தடை நீங்கிக் குருமார் திரும்பி வந்தபோது பாதிப் பேர் கோவிலுக்குப் போனார்கள். மீதிப் பேர், எங்கள் அப்பன்மார் காத்தது எங்களுக்குப் போதும் என்று இருந்துவிட்டார்கள். சட்சுக்கியின் வீடு அந்த மீதியில் ஒன்று. அவளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவளுடைய தாத்தா.

"திருப்பி ஊத்தினா, தாத்தா ஊத்தினது வெறும் தண்ணி எண்டாயிடும்," என்பாள்.

கல்யாணத்தை நகரசபையில்தான் எழுதினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு நாளைத் தவிர. மகள் மெலனியின் முதல்நன்மைக்கு உடுப்பு வாங்கிவந்த அன்று, ஏதோ வாய்த்தர்க்கத்தில் றெமிஜியஸ் சொன்னார்: "எங்கட ஆக்கள் வேதத்துக்காகக் கழுத்தைக் குடுத்தவை. உங்கட ஆக்கள் படத்தில காலை வைச்சவை." மன்னாரில் அறுநூறு பேர் யாழ்ப்பாணத்து அரசனின் வாளுக்குப் பலியான கதையைக் கேட்டு வளர்ந்த திமிர் அது.

சட்சுக்கி உடுப்பின் விலைச்சீட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். "கழுத்தைக் குடுத்தவைக்குப் பிறகு பிள்ளை பிறக்காது, றெமி. நீங்களும் தப்பி ஓடினவையின்ர பிள்ளைதான்," என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு மாறியது. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. அவருடைய அக்கா வேரோனிக்கா மடுமாதா தீர்த்தப் போத்தலோடு வந்து நின்றார். அக்காவுக்குச் சொர்க்கத்துக்குப் போகிற வழி முழுக்கத் தெரியும், பக்கத்து ஊர் விட்பிக்குப் போகத்தான் ஜி.பி.எஸ். வேண்டும்.

"அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம் தம்பி. நீயே குடு. நாளைக்கு நீ ஒரு இடத்திலயும் அவ ஒரு இடத்திலயும் எண்டு போகப்போறியளோ?"

"அவ வேண்டாமெண்டவ, அக்கா."

"இப்ப சொல்லேல்லத்தானே?"

அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தினார். றெமிஜியஸ் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீரை எடுத்தார். அன்பினால்தான் செய்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மறுபாதி, குருவானவர் இல்லாத செத்தவீட்டுக்குச் சனம் என்ன சொல்லும் என்ற பயம். மூன்று தரம் ஊற்றினார். இரண்டு நாளாக அசையாத அவளுடைய வலது கை மெல்ல எழும்பி நெற்றிக்கு வந்தது. வந்து, தண்ணீரின்மேல் ஒரு தரம் இழுபட்டு, விழுந்தது.

"உன்ர கையைப் பிடிக்கத்தான் தூக்கியிருப்பா," என்றார் அக்கா, அவர் வெளியே வந்து சொன்னபோது.

இல்லை, தண்ணீரைத்தான் துடைத்தாள். அவருக்குத் தெரியும். எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தியைப் படத்தின் மேல் நடத்திவிட்ட அதிகாரியாகத் தன்னையே அவர் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்று மெலனி கூப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் சட்சுக்கியின் அண்ணன் இசாமு நின்றார். எழுபத்துநாலு வயது மீனவர். கோத்தோவிலிருந்து நேற்றுத்தான் வந்து இறங்கினார். தங்கையின் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் குனிந்து நின்றுவிட்டு வந்திருந்தார்.

"மாமா கேக்கிறார், பக்கத்தில வேற ரூம் இருக்கா எண்டு."

"களைச்சுப்போனார் போல. அந்தா, ஃபமிலி ரூம். கோப்பி, கேத்தில் எல்லாம் இருக்கு."

"நோ அப்பா. ரெஸ்ட் எடுக்க இல்ல." மெலனி சனிக்கிழமை வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியில் மாமாவிடம் இரண்டு மூன்று தரம் கேட்டுத் தெளிந்துகொண்டு சொன்னாள். "அவையின்ர ஊரில, அந்தக் காலத்தில, ஆர் செத்தாலும் புத்த பிக்கு வந்துதான் ஓதோணுமாம். அதுதான் சட்டம், லோ. அப்ப பிக்கு முன்னறையில ஓதேக்க, இவையின்ர ஆள் ஒராள் பக்கத்து அறையில இருந்து சத்தமில்லாம வேற செபம் சொல்லுவாராம். பிக்கு ஓதினதை அழிக்கிற செபம். லைக், இரேஸ் பண்ணுறது. லோ போன பிறகும் விடேல்லையாம். மாமா வந்தது அதுக்குத்தான்."

"இஞ்ச பிக்கு இல்லையே."

மெலனி கேட்டாள். இசாமு மண்டபத்துப் பக்கம் பார்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

"ஃபாதரும் பிறத்தி ஆள்தானே எண்டுறார். கோவமொண்டும் இல்லையாம். அவர் வடிவா ஓதட்டுமாம். பிக்குவுக்கும் அவை நல்லா சாப்பாடு குடுத்துத்தான் அனுப்பினவையாம்."

வேறு நாளென்றால் றெமிஜியஸ் சிரித்திருப்பார். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா வாய் திறக்கமாட்டார். ஃபாதர் எழுதியும்விட்டார்.

"மெலனி, மாமாட்டச் சொல்லு. நான் அம்மாவுக்குத் தண்ணி ஊத்திப்போட்டன்."

"வாட்?"

"ஆஸ்பத்திரியில. ஞானஸ்நானம். ஃபாதரிட்ட அம்மாதான் கேட்டவ எண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா கேட்டவவா?"

"இல்லை."

மெலனி தகப்பனை ஒரு தரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் பக்கம் திரும்பி, சொற்களைத் தேடித்தேடிச் சொன்னாள். கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முன்வாசலில் ஆட்கள் சப்பாத்துப் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"அழிக்கிற செபத்தில அதையும் சேத்துச் சொல்லுறன் எண்டுறார்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லேல்ல." மெலனி மூக்கை உறிஞ்சினாள். "கதவடியில ஒராள் நிக்கோணுமாம். பிக்கு இடையில எழும்பி வந்தா மறிக்க. எப்பவும் அப்படித்தானாம். நான் நிக்கிறன்."

"நீ போய் முன்னுக்கு இரு. நான் நிக்கிறன்."

"அப்பா, யூ'ர் த ஹஸ்பண்ட். நீங்கள் முன்வரிசையில இல்லாட்டி எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும்."

இசாமு அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஃபமிலி ரூமுக்குள் போனார். கதிரையில் இருக்காமல் கம்பளத்தில் முழங்காலை மடித்து இருந்தார். றெமிஜியஸ் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார். மண்டபத்தில் பாட்டு எழும்பியது. மரியோ ஃபாதருக்கு நல்ல குரல், கூடவே மைக்கும் இருந்தது. "எங்கள் சகோதரி மரியா, தம் இறுதி வேளையில் ஆண்டவரைத் தேடிக் கேட்டு..." என்று அவர் சொல்வது ஒலிபெருக்கியில் தெளிவாக வந்தது. அந்தப் பொய் இப்போது இருநூறு பேருக்கு முன்னால் கம்பீரமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அவமானத்தில் றெமிஜியஸுக்குக் காது சுட்டது. முதுகுக்குப் பின்னால், கதவு மரத்துக்கு அப்பால், தாழ்ந்த ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. இடையில் ஒரு முறை மாதாவின் பெயர் மட்டும் வந்து போனது.

வேரோனிக்கா அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ன தம்பி இது? உன்ர கதிரை வெறுமையாக் கிடக்கு. சனம் எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. வா."

"நீங்கள் போங்கோ அக்கா."

அக்கா தலையைச் சரித்தார். "உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"சத்தம் கேக்குது."

"கேத்தில் கொதிக்குது."

அக்கா கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். றெமிஜியஸ் விலகவில்லை. அறுபத்திரண்டு வருஷத்தில் தம்பி தனக்கு வழி விடாமல் நிற்பதை அவர் முதல்தரம் பார்த்தார். கதவைப் பார்த்தார், வாசலில் கிடந்த ஒரு ஆணின் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்குத் திரும்பிப் போனார்.

றெமிஜியஸ் குனிந்து அந்தச் சப்பாத்துகளை எடுத்துத் தன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுபடி கதவில் சாய்ந்தார்.