நாலாவது கோடு

சுவரில் கோடே இருக்கக் கூடாது. என் பிழைப்பே அதுதான். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே தண்ணீர் இறங்காத பேனலை ஒட்டி, மூலையில் சிலிக்கான் பசையை இழுத்துவிட்டால் குளியலறை ஒரே நாளில் புதுசாகிவிடும். "இடுக்கு இருந்தாத்தானே சார் அழுக்கு?" என்று வாய் கிழியப் பேசி எத்தனையோ வீடுகளில் வேலை பிடித்திருக்கிறேன். என் அக்கா வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்தே என்னை ஆளாக்கியவள். இரண்டாவது மாடியில் சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்துவிடு என்று நானும் என் மனைவியும் கெஞ்சாத நாளில்லை.

"என் வேலையை நானே பாத்துக்கற வரைக்கும் என் வீட்டுலதான் இருப்பேன்" என்பாள். அதற்கு மேல் பேச முடியாது.

அவளுடைய குளியலறையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சாண் அகல வெள்ளை டைல்ஸ், இருபது வருடப் பழசு. ஊரெல்லாம் பேனல் ஒட்டுகிறவனின் அக்கா வீட்டில் இதுவா? அதிலும் கதவிலிருந்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் மாட்டிய கைப்பிடி வரைக்கும், இடுப்பு உயரத்தில் மட்டும், டைல்ஸ் இடுக்குகள் வரிசையாகக் கறுத்துப்போயிருக்கும். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கும்.

"அந்த ஒரு வரிசையைத் தேய்க்க மட்டும் உனக்குக் கை வலிக்குதாக்கும்?"

"கண்ணுல படல, விடுடா."

"பேனல் போட்டுடறேன்க்கா. ஒரு காசு வேண்டாம்."

"நீ தலைகீழா நின்னாலும் வேண்டாம். என் சுவத்துல கை வச்சே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

விளக்கைப் போடாமலேயே குளிப்பாள். கேட்டால் கரண்ட் மிச்சம் என்பாள். தையலையும் நிறுத்திவிட்டாள், சலித்துப்போய்விட்டதாம். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அடுத்தவன் வீட்டுச் சுவரில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் இது, வெட்கக்கேடு.

என் மனைவிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அக்காவை மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். வந்தவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளில் அவள் வீட்டில் வேலையை முடித்தேன். கையில் இருந்ததிலேயே உசத்தியான பேனல், சாம்பல் நிறம், மூலையில்கூட இணைப்புத் தெரியாது. கைப்பிடி பார்வைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதைக் கழற்றி, ஒரு சாண் தள்ளி, சுவருக்கு நட்டநடுவில் மாட்டினேன். அழகாக இருந்தது.

அக்கா திரும்பி வந்தாள். குளியலறைக் கதவருகே நின்று சுவரில் கையை வைத்து, மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். திரும்பி வந்து மறுபடியும் தடவினாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷக் கண்ணீர்தான் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு கோடுகூட இல்லையாடா?"

"தேடிப் பாரேன். ஒண்ணு கிடைச்சாலும் நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

அவள் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள். "வழவழன்னு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். அக்கா குளியலறையில் விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருஷமாவே இருட்டிக்கிட்டு வந்துச்சுடா. இப்போ வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். கதவுலேர்ந்து நாலாவது கோடு குழாய். ஏழாவது கோடு கைப்பிடி. விரலால எண்ணிக்கிட்டே போயிடுவேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பே."

"சரி, பேனலைக் காட்டினப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம்டா. எப்படிச் சொல்றது?" போர்வையின் ஓரத்தை விரலால் தடவினாள். "கால் வழுக்கினதும் கைப்பிடியைத்தான் பிடிக்கப் போனேன். அது அங்க இல்ல."

அது ஒரு சாண் தள்ளி இருந்தது. அழகுக்காக நான்தான் தள்ளி வைத்தேன்.

இனி ஆள் துணை இல்லாமல் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக அவள் வீட்டுக்குப் போய்ப் பேனலைப் பெயர்க்கப் பார்த்தேன். ஒரு ஓரத்தை நெம்பியதுமே அடியிலிருந்த டைல்ஸும் உடைந்து கூடவே வந்தது. பசை அப்படி. அதையும் பெருமையாகச் சொல்லித்தானே விற்றுக்கொண்டிருந்தேன்.

அளவெடுத்த நோட்டு பையில் இருந்தது. பழைய டைல்ஸின் அகலமும், கதவிலிருந்து கைப்பிடிக்கு எவ்வளவு தூரம் என்பதும் அதில் குறித்திருந்தேன். அதைப் பார்த்து, சாணுக்கு ஒன்றாக, இடுப்பு உயரத்தில் பேனல் மேலேயே சிலிக்கான் பசையால் மெல்லிய கோடுகள் இழுத்தேன். கைப்பிடியைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். வேறு எவனாவது இப்படி ஒரு சுவரைச் செய்து வைத்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பசை காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தேன். நாலில் குழாய் வந்தது. ஏழில் கைப்பிடி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனோம். என் மனைவி "அண்ணி, அண்ணி" என்று ஒரு குறையும் வைக்காமல்தான் குளிப்பாட்டிவிட்டாள். குளித்து முடித்த பிறகும் அக்கா நெடுநேரம் யாரோடும் பேச மாட்டாள்.

ஒரு மாதம் கழித்து, துணிமணி எடுக்க வேண்டும், அவளும் வரட்டும் என்று சொல்லி, இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டு போனேன். குளியலறை வாசலில் இறக்கி, பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் கையை எடுத்துச் சுவரில் வைத்தேன்.

விரல் முதல் கோட்டில் பட்டதும் நின்றுவிட்டாள்.

"நீயாடா?"

"எண்ணுக்கா."

"ஒண்ணு." ஒரு அடி வைத்தாள். "ரெண்டு." முழுப் பாரமும் என் கையில்தான் இருந்தது. மூன்றில் மூச்சு வாங்கியது. "நாலு" என்று சொல்லிக் கையை நீட்டினாள். குழாய் அங்கே இருந்தது.

"சரியா இருக்காக்கா?"

"அச்சு அசல் அப்படியே இருக்குடா."

"இன்னும் மூணுதான். கைப்பிடியும் பழைய இடத்துலயே இருக்கு."

"போதும்டா. கால் வரமாட்டேங்குது."

பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பேனலைக் காட்டிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே" என்றாள். "வீட்டுக்காரர்கிட்ட சாவியை எப்போ குடுக்கப் போறே?"