நிழல் விழக்கூடாது

அரசு அலுவலகங்கள் வரிசையாக இருந்த தெருவில், பத்திரம் எழுதுபவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது போட்டோக்காரரின் கடை. எட்டடிக்கு ஆறடி. ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, தலை வாராமல் வருகிறவர்களுக்காக நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு சீப்பு. இருபத்திரண்டு வருடமாக அவர் எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் படம்தான். இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது, பின்னால் வெள்ளையைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கேயும் நிழல் விழக்கூடாது. அவர் எடுத்த படத்தை எந்த அலுவலகமும் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் தெருவில் அது லேசுப்பட்ட பெயர் இல்லை.

ஆனால் மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அவர் எடுத்த முகம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு விண்ணப்பத்தின் மூலையில் ஒட்டப்பட்டு, கன்னத்தில் ரப்பர் முத்திரை வாங்கி, ஃபைலுக்குள் போய்ப் படுத்துவிடும். தான் எடுத்த ஒரு படம், ஒரே ஒரு படம், யார் வீட்டிலாவது ஆணியில் தொங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்.

"நம்ம வீட்டுல இல்லாத சுவரா? மாட்டிக்கோங்க. நான் வேணாம்னா சொன்னேன்?" என்றாள் அவள்.

சொந்த வீட்டில் மாட்ட யாருடைய தயவு வேண்டும்? முன்பின் தெரியாத ஒருவர் மாட்ட வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அச்சக முதலாளி விசாவுக்குப் படம் எடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வருடா வருடம் காலண்டர் போடுகிறவர். அடுத்த வருடத்துக்குத் தெற்கே இருக்கும் பழைய நகரத்தைப் பன்னிரண்டு தாளில் போடுவதாகத் திட்டம். வழக்கமாக எடுக்கிறவர் ஏதோ ஒரு வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம்.

"நீங்க வெளியில போய் எடுப்பீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"எடுப்பேன்" என்று வாய் முந்திக்கொண்டது. மனசு அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டது.

"ரெண்டே நாள்தான். எனக்குப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா போன தடவை மிச்சமான ரோஜாப்பூ படத்தையே போட்டுட்டுப் போயிடுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

கிளம்பும்போது மச்சினனும் கூடவே தொற்றிக்கொண்டான். மனைவியின் தம்பி. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். வேலை செய்து செய்து, யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்குமுன் தரையைப் பார்க்கிற ஜென்மம். பையைத் தூக்க ஒரு ஆள் கிடைத்ததே என்று போட்டோக்காரர் சம்மதித்தார். பை கனமாகத்தான் இருந்தது. ஏனென்றால் மனிதர் கடையின் வெள்ளைத் திரையையும் கழற்றிச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்.

ரயிலை விட்டு இறங்கிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததுமே இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசல் என்றால் வாசல். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. அதைத் தாண்டினால் தெரு முழுக்க மர மாடங்கள். ஒரு மாடத்தில் செதுக்கிய கிளி அடுத்த மாடத்தில் இல்லை, அங்கே வேறு ஏதோ பறவை. தெருக்கோடியில் ஒரு பெரிய குளம். நாலு பக்கமும் படிக்கட்டு, படிகளில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கக் கதை பேசலாம் போலிருந்தது. குளத்தின் அக்கரையில் அரண்மனை. அதன் கொலுமண்டபத்துத் தூண்களை எண்ண ஆரம்பித்த மச்சினன், நாற்பதுக்கு மேல் கணக்கு விட்டுப்போய், மண்டி போட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தான்.

"மாமா, இங்க பாருங்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல நகம் நுழையலை. இத்தனைக்கும் சிமெண்டே இல்லாத காலம். இவனுங்களுக்கெல்லாம் நான் கையாளா இருந்திருந்தாக்கூடப் போதும், ஜென்மம் கடைத்தேறியிருக்கும்."

"எந்திரி மாப்ள, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. பாக்கத்தானே வந்திருக்காங்க."

போட்டோக்காரருக்கும் பிரமிப்புத்தான். ஊரைக் கட்டினவர்களுக்குச் சோறு தண்ணீர் நினைவே இருந்திருக்காது என்று தோன்றியது. இப்படிப்பட்ட ஊருக்கு மரியாதையாகப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மரியாதை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒழுங்காக எடுப்பது.

அங்கேதான் வந்தது வினை. கோட்டை வாசலுக்கு நேர் எதிரே, நடுக்கோட்டில், நின்றார். வெயில் அடித்தால் நிழல் விழுமே என்று மேகம் வந்து மறைக்கும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார். சுற்றிலும் ஆயிரம் செல்போன்கள் படம் எடுத்துத் தள்ளின. மேகம் வந்ததும், "ஆடாம இருங்க" என்று பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அமுக்கினார். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் நிஜமாகவே ஆடாமல் நின்றது.

மணிக்கூண்டையும் நேராக எடுத்தார். மர மாடங்களையும் நேராக எடுத்தார். அரண்மனை முற்றத்தில் ஒரு கல் குதிரை முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் பிடரி மயிரில் காற்றடிப்பது போலச் செதுக்கியிருந்தான் யாரோ ஒரு மகராசன். போட்டோக்காரர் பையைத் திறந்து வெள்ளைத் திரையை எடுத்தார்.

"மாப்ள, குதிரைக்குப் பின்னால இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

"மாமா, பின்னால அரண்மனை இருக்கு."

"அதுதான் தொந்தரவு. பின்னால எதுவும் தெரியக்கூடாது."

சின்னச் சுவர் ஒன்றின் மேல் ஏறி, திரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உலகமே பார்க்க வந்த அரண்மனையை மறைத்தபடி பத்து நிமிடம் நின்றான் மச்சினன். காவலாளி வந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். குதிரைக்கு எந்த வெளிநாட்டுக்கு விசா என்று கேட்டார். மச்சினன் சிரித்த சிரிப்பில் திரை ஆடி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

வெளியே வரும்போது அரண்மனையின் தெற்குச் சுவரை ஒட்டி நடந்தார்கள். கூரையின் கல் விளிம்பு வெளியே நீண்டிருந்ததால் நாள் முழுக்க அதன் அடியில் மங்கிக் கிடக்கும் மொட்டைச் சுவர். யாரும் நின்று பார்க்கவில்லை. மச்சினன் மட்டும் உள்ளங்கையை அதில் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"இதுல என்னமோ இருக்கு மாமா."

"அழுக்கு இருக்கு. கையைத் துடை."

அன்று மாலையே லாட்ஜ் அறையிலிருந்து நாற்பது படங்களை அச்சக முதலாளிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுப் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணியில் அழைப்பு வந்தது.

"என்னங்க இது? ஊருல இருக்கிற கட்டடமெல்லாம் உங்க ஸ்டூல்ல வந்து உக்காந்த மாதிரி இருக்கு! குதிரை எங்க நிக்குது, மாவு மூட்டை மேலயா? பின்னாடி ஒரே வெள்ளை. ஒரு தப்பு சொல்ல முடியாது, ஆனா ரெண்டாவது தடவை பாக்கத் தோணலையே!" கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். இல்லைன்னா ரோஜாப்பூதான்" என்றார்.

போட்டோக்காரர் கட்டிலில் சாய்ந்துவிட்டார். அவமானத்தைவிட ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மைதான் அதிகமாக வலித்தது. தப்பு சொல்ல முடியாது, ரெண்டாவது தடவை பாக்கத் தோணாது. இருபத்திரண்டு வருடத்தை ஒருத்தர் போனில் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இனி எந்தச் சுவர், எந்த ஆணி?

மச்சினனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் நடந்தான். பிறகு நடந்த கால் எதிலோ தட்ட, அவனுக்குள் இருந்த தொழிலாளி விழித்துக்கொண்டான். விளக்கை அணைத்தான். போன் டார்ச்சை எரியவிட்டுத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தான்.

"யாரு ஒட்டின தரை இது? அவனைக் கொண்டா என்கிட்ட!" என்று இருட்டில் கத்தினான்.

போட்டோக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாயங்காலம் வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்த தரை, இப்போது மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஒவ்வொரு டைல்ஸின் விளிம்புக்கும் பின்னால் ஒரு கறுப்புக் கோடு. மூலையில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. எறும்பு ஒன்று போனது, அதன் நிழல் அதைவிட நாலு மடங்கு நீளம்.

"இதெல்லாம் முன்னாடி இல்லையே மாப்ள?"

"எல்லாம் இருந்துச்சு. மேல இருந்து வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது. மேஸ்திரிங்க ஏமாத்துறதே அப்படித்தான். பக்கவாட்டுல அடிச்சாத்தான் நிழல் விழும், நிழல் விழுந்தாத்தான் குட்டு வெளிப்படும்."

போட்டோக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எறும்பு கட்டிலுக்கு அடியில் போய் மறையும்வரை அதன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தச் சுவர்ல என்னமோ இருக்குன்னு சொன்னியே, என்ன இருந்துச்சு?"

"தெரியலை. கைக்கு மேடு தட்டுப்பட்டுச்சு."

மறுநாள் சூரியன் வருமுன் இருவரும் தெற்குச் சுவரின் எதிரே இருந்தார்கள். தெருவில் பால்காரரைத் தவிர யாருமில்லை. சுவர் நேற்றுப் போலவே மொட்டையாகத்தான் நின்றது. கிழக்கே குளத்துப் படிகளுக்கு மேல் சிவப்பு தெரிந்தது. அப்புறம் முதல் வெயில் தண்ணீரைத் தாண்டி வந்து, கல் விளிம்புக்கு அடியில் நுழைந்து, சுவரை ஓரத்திலிருந்து தடவியது.

முதலில் ஒரு பாதம் தெரிந்தது. சலங்கை கட்டிய பாதம். அதற்குப் பின்னால் ஒரு முழங்கால், இடுப்பு, தூக்கிய கை. பக்கத்தில் மத்தளக்காரன் ஒருவன், அவனுக்குப் பக்கத்தில் குழல் ஊதுகிறவள், அவளுக்குப் பின்னால் ஒட்டகம், குடை, கூட்டம், கூட்டம். எத்தனையோ மழை தின்று மிச்சம் வைத்திருந்த மெல்லிய புடைப்புகள். ஒவ்வொன்றும் தன் நிழலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது. சுவர் முழுக்க ஒரு ஊர்வலம் நடந்து போய்க்கொண்டிருந்தது. இத்தனை பேரும் நேற்று இங்கேதானே நின்றார்கள், அழுக்கு என்று சொன்னோமே என்று போட்டோக்காரர் தன்னையே நொந்துகொண்டார்.

மச்சினன் தன்னை மறந்து சுவரருகே போய்விட்டான். மண்டியிட்டு, மத்தளக்காரனின் காலடியில் உள்ளங்கையை வைத்தான். அவனுடைய நிழல் நீண்டு, ஊர்வலத்தின் நடுவில் போய் விழுந்தது.

"மாப்ள, நிழல் விழுது, தள்ளு" என்று சொல்ல வாயெடுத்தார் போட்டோக்காரர். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. கேமராவுக்குள் பார்த்தார். கூட்டத்தில் ஒருவனாக, கடைசியாக வந்து சேர்ந்தவனாக, அந்த நிழலும் நடந்து போனது.

"மாப்ள! அசையாதே!"

ஒரு பத்து நிமிடம். அப்புறம் சூரியன் மேலே ஏறி, கல் விளிம்பின் நிழல் இறங்கி, சுவர் மறுபடி மொட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு மனிதர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! சாய்ந்த வெயில் தீருவதற்குள் கோட்டை வாசல், மர மாடங்கள், குளத்துப் படிகள், கல் குதிரை என்று தெருத்தெருவாக ஓடினார். வெள்ளைத் திரையை எங்கே விட்டோம் என்றே இருவருக்கும் நினைவில்லை. மத்தியானம் படங்களைப் பார்த்துவிட்டு முதலாளி போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை நிஜமா நீங்கதான் எடுத்தீங்களா?"

காலண்டர் வந்தது. ஊர்வலச் சுவர் மார்ச் மாதத் தாளில். கீழே அச்சகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, எடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. மனைவிக்கு அதில் கோபம். வீட்டில் ஒன்று மாட்டினாள். போட்டோக்காரர் மற்றவர்கள் வீட்டுச் சுவர்களை வாசலோடு எட்டி எட்டிப் பார்த்தார். அங்கேயெல்லாம் யார் யாரோ கொடுத்த காலண்டர்கள் தொங்கின. நாளடைவில் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஆகஸ்டில் கடை உரிமத்தைப் புதுப்பிக்க எதிர்வரிசை அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, போட்டோக்காரர் தற்செயலாக நிமிர்ந்தார். அவளுக்குப் பின்னால் சுவரில் அவருடைய மார்ச் மாதம் தொங்கியது.

படத்துக்குக் கீழே இருந்த மாதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "ஏம்மா, மாசம் ஆகஸ்ட் ஆயிடுச்சே, தாளைத் திருப்பலையா?" என்றார்.

"தேதிக்குத்தான் போன் இருக்கே சார். அந்தப் படத்தைத் திருப்ப மனசு வரலை" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "மத்தியானம் சாப்பிடுறப்போ அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு நாளும் புதுசா யாராவது தெரியுறாங்க. நேத்துதான் அந்தக் குழல் ஊதுறவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு குழந்தை நிக்கிறதைக் கண்டுபிடிச்சேன்."

"குழந்தையா?" என்றார் போட்டோக்காரர். அவர் எடுத்த படம். அவர் பார்த்ததில்லை.

"ஆமா சார், இதோ." அவள் நாற்காலியைத் திருப்பி, பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.

இருந்தது. விரல் நுனி அளவு முகம். போட்டோக்காரருக்குக் கண் கலங்கி, வந்த குழந்தை மறுபடி மறைந்துபோனது. அவள் முத்திரை குத்தித் தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். ஆனால் போகவில்லை.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க வேலையைப் பாருங்க" என்றார். "நான் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போறேன்."