ஊதா நிறத் தொப்பிப் பெட்டிகள்

மதியம் மூன்று மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன. மலையில் பற்றிய காட்டுத்தீயின் புகை இறங்கி வந்து சூரியனை மூடியிருந்தது. மலையடிவார ஊரான ஆல்டடீனாவின் மேற்குத் தெருக்களில் காற்று பனை மட்டைகளைப் பிய்த்துச் சாலையில் வீசியது. எல்லோருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின: உடனே வெளியேறுங்கள்.

ஒடெஸா ப்ரூயிட் தன் வீட்டு முன்னறையில் அசையாமல் நின்றாள். பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை வட்டமான ஊதா நிறத் தொப்பிப் பெட்டிகள். சர்ச் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி விற்ற கடை மூடப்பட்டபோது மொத்தமாக வாங்கியவை. அவற்றுக்குள் காகிதங்களாக இருந்தவர் ஆம்ப்ரோஸ் கிட்ரெல் என்ற கட்டடக் கலைஞர்.

கட்டடங்களை வரைந்து பிழைக்க ஒரு கறுப்பனால் முடியும் என்று இந்தப் பக்கத்தில் முதலில் காட்டியவர் அவர். அவர் வரைந்த மாளிகைகளின் உணவு மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. அவர் செத்த பிறகு அலுவலகக் காகிதங்களைக் குப்பை லாரி அள்ளிப்போனது. மிஞ்சியது சர்ச் குடும்பங்களின் வீடுகளில் இருந்தவை மட்டும். ஆண்டுதோறும் அவரே வரைந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் குடும்ப பைபிள்களுக்குள் இருந்தன. அவர் வரைந்த சவ அடக்கச் சாலையின் படம் அச்சிட்ட அட்டை விசிறிகள் சமையலறை இழுப்பறைகளில் கிடந்தன. சிறு வீடுகளுக்கான அவருடைய வரைபடப் புத்தகங்கள் பரண்களில் கிடந்தன.

ஒடெஸா வீடு வீடாகப் போய் அவற்றைச் சேர்த்தாள். "உங்க கூரை ஒழுகுது. உங்க பேரப்பிள்ளைங்க ஒருநாள் தூக்கிக் குப்பையில போடுவாங்க" என்று பயமுறுத்தித்தான் பாதியை வாங்கினாள். கடைசியாகக் கொடுத்தவர் வினிஃப்ரெட் கெய்ன்ஸ். எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா கிட்ரெலிடம் கொத்தனாராக இருந்தவர். அந்த அப்பாவுக்கென்று, வரைபடப் புத்தகம் ஒன்றின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கிட்ரெல் பென்சிலால் ஒரு வீடு வரைந்து கையெழுத்துப் போட்டிருந்தார். கறுப்பருக்கு நிலம் விற்க எவரும் முன்வராததால் அந்த வீடு கட்டப்படவேயில்லை. வினிஃப்ரெட் பல வருடம் மறுத்துவிட்டு, போன ஈஸ்டருக்குத்தான் புத்தகத்தைத் தந்தார்.

பக்கத்து வீட்டு ரெய்னி கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தார். "மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட். வேற ஒண்ணும் வேணாம். வா."

"இதெல்லாம்?"

"என் காரைப் பாத்தியா? என் தங்கச்சியே நாய்க்குக் கீழதான் உக்காந்திருக்கா. நீயே மடங்கித்தான் வரணும்."

ஒடெஸா சுவரைப் பார்த்தாள். அவரவர் வீட்டில் இருந்திருந்தால், எரியும் வீட்டில் இருந்தது மட்டும் போயிருக்கும். இங்கே ஒரு வீடு எரிந்தால் எல்லாம் போகும். பத்திரம், பத்திரம் என்று சொல்லி அவள்தான் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

வெளியே, சரிவில் கார்கள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. அவள் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதல் காரை நோக்கி ஓடினாள். அது சர்ச்சில் உதவி ஊழியரான டீக்கன் டாலிவருடையது. பக்கத்தில் மனைவி லர்லீன், பின்னால் அவருடைய வயதான அம்மா.

"டீக்கன், இதை எடுத்துட்டுப் போங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

டீக்கன் பெட்டியைப் பார்த்தார். "மலையே எரியுது, சிஸ்டர் ஒடெஸா. நீ தொப்பியைக் காப்பாத்திட்டு இருக்க."

"அது தொப்பியில்ல, டீக்கன், அதுல..."

பின்னாலிருந்து ஹாரன். லர்லீன் ஒரு பெட்டியை மட்டும் மடியில் இழுத்துக்கொண்டாள். கார் நகர்ந்தது.

ரெய்னியும் திட்டிக்கொண்டே சுமந்தார். சிலர் வாங்கினார்கள், சிலர் கண்ணாடியை இறக்கவேயில்லை. மேல் தெருக்களிலிருந்து வந்த, முகம் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கும் கொடுத்தாள். காருக்குப் பின்னால் குதிரை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒருவன் எதுவும் கேட்காமல் குதிரையின் காலடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டான். பெயர் கேட்க நேரமில்லை. எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: சிவிக் சென்டர் நிவாரண முகாமுக்குக் கொண்டு வாங்க. அலமாரியில் எந்த இடத்தில் எது என்றுதான் அவளுக்குத் தெரியும். பெட்டிகளின் மேல் அவள் எதுவும் எழுதியதில்லை. இடம் கலைந்த பிறகு எல்லாம் ஒரே ஊதா நிறம்.

அறை காலியானபோது தெருமுனையிலிருந்து, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, தடியூன்றி வினிஃப்ரெட் வந்தார்.

"என் அப்பா புத்தகத்தைக் குடு."

ஒடெஸா காலி அலமாரியைக் காட்டினாள். "கார்ல போயிடுச்சு, மிஸ் வினிஃப்ரெட்."

"யார் கார்ல?"

"தெரியல."

வினிஃப்ரெட் துண்டை இறக்கினார். "என் வீட்டுல இருந்தா கெட்டுப்போகும்னு சொன்னது நீதானே?"

தீப்பொறி ஒன்று கூரையில் விழுந்து உருண்டது. ரெய்னி இருவரையும் காருக்குள் தள்ளினார். நாயின் வால் முகத்தில் அடிக்க, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தும், வழி நெடுக வினிஃப்ரெட் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

மறுநாளே தெரு முழுவதும் எரிந்துவிட்ட செய்தி வந்தது. ஒடெஸா வீட்டில் புகைபோக்கி மட்டும் நின்றது. அவள் அழவில்லை. முகாம் வாசலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வினிஃப்ரெட் இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டிகள் வரத் தொடங்கின. விசிறிகள் வந்தன. கிட்ரெலின் பெயர் அச்சிட்ட கடிதத் தாள்கள் வந்தன. ஒன்றில் ஒடெஸாவின் மஞ்சள் ஈஸ்டர் தொப்பியே இருந்தது. "இது நிஜமாவே தொப்பிதான்" என்று கொண்டுவந்தவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வினிஃப்ரெட் சிரிக்கவில்லை.

பிறகு லர்லீன் வெறுங்கையோடு வந்தாள். தரையைப் பார்த்தபடி பேசினாள். "வழியில மாமியாருக்கு மூச்சு முட்டிடுச்சு. சாய்ச்சுப் படுக்க வைக்க இடமில்ல. பெட்டியை ஒரு சந்துல இறக்கி வச்சுட்டோம். தொப்பிதானேன்னு நினைச்சேன், ஒடெஸா."

"எந்தச் சந்து?"

"அது பூரா எரிஞ்சுடுச்சு."

வந்தவற்றையெல்லாம் திறந்து பார்த்திருந்த ஒடெஸா மனதுக்குள் கணக்குப் போட்டாள். வராமலிருந்தவை இரண்டு: சந்தில் போனது, குதிரைக்காரனிடம் இருப்பது. ஒன்றில் வினிஃப்ரெட்டின் புத்தகம். மற்றதில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.

குதிரைக்காரன் மறுநாள் வந்தான். பெட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் மிதிபட்டு நசுங்கியிருந்தது. "மன்னிச்சுக்கங்க, என் குதிரை கால் வச்சுட்டா" என்றான். ஒடெஸாவின் விரல்கள் மூடியில் பதிந்தபடியே நின்றுவிட்டன.

"தள்ளு" என்றார் வினிஃப்ரெட். அவரே திறந்தார்.

புத்தகம் இருந்தது.

ஒடெஸா குதிரைக்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பின்னால் நின்றிருந்த லர்லீன் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ எங்ககிட்ட இருந்தது என்ன?"

"கிறிஸ்துமஸ் வாழ்த்துங்க. பைபிள்ல இருந்து எடுத்ததெல்லாம்."

லர்லீன் நசுங்கிய பெட்டியைத் தொட்டாள். "எங்க அம்மா பைபிள்ல இருந்ததும் அதுலதான்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இன்னும் பல குடும்பங்களுக்கு இதைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது ஒடெஸாவுக்கு உறைத்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் யார் எதிரே வந்து நிற்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

"மிஸ் வினிஃப்ரெட், ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

வினிஃப்ரெட் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். பென்சில் வீடு அப்படியே இருந்தது: தாழ்ந்த கூரை, அகலமான முன்கதவு, மூலையில் கையெழுத்து. ஒடெஸா இரண்டு கைகளாலும் வாங்கப் போனாள். அட்டையின் மறுபக்கத்தை வினிஃப்ரெட் விடவில்லை.

"இப்படியே பாரு" என்றார்.

ஒடெஸா குனிந்து பார்த்தாள்.